மூட்டையைப் பிரிக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்: பென்டோனைட் ஸ்லரிக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

பைலிங் சைட்டில், அதாவது தரையில் ஆழமாகக் குழி தோண்டிக் காங்கிரீட் தூண் இறக்கும் இடத்தில், புதிதாகச் சேரும் இன்ஜினியர் கையில் முதல் வாரமே ஒரு மார்ஷ் கோனையும் ஸ்டாப்வாட்சையும் கொடுத்துவிடுவார்கள். "அப்பப்போ ஸ்லரி செக் பண்ணி ரிஜிஸ்டர்ல எழுதுங்க" என்பார்கள். எதற்கு என்று விளக்க யாருக்கும் நேரம் இருக்காது. நானும் இரண்டு மாதம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். 34 நொடி, 35 நொடி, 34 நொடி. ஸ்லரி என்பது பென்டோனைட் மாவைத் தண்ணீரில் கலக்கிய குழம்பு, தோண்டிய குழி இடியாமல் இருக்க அதை நிரப்புவார்கள். மார்ஷ் கோன் ஒரு புனல், ஸ்லரி அதில் இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்போம், கெட்டியாக இருந்தால் நொடி கூடும்.

அப்புறம் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு சைட்டுக்கு மாற்றினார்கள். மாலையில் ஒரு டேங்க் நிறைய ஸ்லரி கலக்கி வைத்துவிட்டுப் போனோம். காலையில் வந்து பார்த்தால் மேலே முழங்கை ஆழத்துக்குத் தெளிந்த தண்ணீர், அடியில் சேறு. கோனில் ஊற்றினால் 28 நொடி. வெறும் தண்ணீரே 26 நொடியில் இறங்கும்! மட்டமான மூட்டை என்று சப்ளையரைத் திட்டிக்கொண்டே இன்னும் நான்கு மூட்டை கொட்டச் சொன்னேன். நொடி இரண்டுதான் ஏறியது. மிக்ஸர் ஓட்டும் அண்ணன் அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், "சார், போர் தண்ணிய வாயில வச்சுப் பாத்தீங்களா?" என்றார். வைத்துப் பார்த்தேன். உப்பு.

அன்று வீணானது மூட்டைகள் மட்டுமல்ல, அரை நாள் வேலையும். ஸ்லரி சரியில்லை என்றால் மாவை விட்டுவிட்டு முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும். ஏன் என்று புரிய, மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

மூட்டைக்குள் இருப்பது

பென்டோனைட் ஒரு களிமண். அமெரிக்காவின் வயோமிங் பகுதியில் ஃபோர்ட் பென்டன் என்ற பாறை அடுக்கில் கிடைத்ததால் 1898இல் இந்தப் பெயர் வந்தது. நம் சைட்டுகளுக்கு வருவது பெரும்பாலும் குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் பார்மர் பக்கத்துச் சரக்கு. இதன் முக்கியக் கனிமம் மான்ட்மோரில்லோனைட்.

அதன் ஒரு துகளை ஊதிப் பெருக்கிப் பார்த்தால் தகடு தகடாக இருக்கும். ஒரு தகட்டின் கனம் 1 நானோமீட்டர்தான். அகலம் சில நூறு நானோமீட்டர். ஓட்டலில் பேப்பர் ரோஸ்ட் கேட்டால் வருமே, 1 மில்லிமீட்டர் கனத்தில் 30 சென்டிமீட்டர் அகலத்தில், கிட்டத்தட்ட அந்த விகிதம். காய்ந்த மாவில் இந்தத் தகடுகள் தோசை அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன.

தகட்டின் முகத்தில் எப்போதும் எதிர் மின்னூட்டம் உண்டு. படிகத்துக்குள் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் உட்கார்ந்திருப்பதால் வந்த குறை அது. அந்தக் குறையை ஈடுகட்ட, தகடுகளுக்கு நடுவே சோடியமோ கால்சியமோ அயனிகளாகத் தங்கியிருக்கின்றன. தங்கியிருப்பது எது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. சோடியம் என்றால், தண்ணீர் உள்ளே நுழைந்ததும் தகடுகள் ஒன்றையொன்று தள்ளி விலகிக்கொண்டே போகும். கால்சியத்துக்கு இரட்டை மின்னூட்டம். அது இரண்டு பக்கத்துத் தகடுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மாவு கொஞ்சம் வீங்கி, அதோடு நின்றுவிடும். இந்தியச் சரக்கில் கால்சியம் அதிகம் உள்ள மண்ணும் உண்டு. அதைச் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) சேர்த்துப் பக்குவப்படுத்தித்தான் பைலிங்குக்கு விற்கிறார்கள்.

50 கிலோ மூட்டை ஒன்றை 1000 லிட்டர் தண்ணீரில் கலக்கினால், மாவு அடைக்கும் இடம் 19 லிட்டர். மொத்தத்தில் 2 சதவீதம்கூட இல்லை. ஆனால் 1 கிராம் மாவின் தகடுகள் எல்லாம் பிரிந்தால் அவற்றின் பரப்பு சுமார் 750 சதுர மீட்டர். ஒரு மூட்டைக்குக் கணக்குப் போட்டால் 37 சதுர கிலோமீட்டரைத் தாண்டுகிறது. தண்ணீரில் எந்த மூலைக்குப் போனாலும் பக்கத்தில் ஒரு தகடு இருக்கும். அதனால்தான் இவ்வளவு கொஞ்சம் மாவு அவ்வளவு தண்ணீரையும் பிடித்து நிறுத்துகிறது.

உப்பு வந்தால் என்ன ஆகிறது? தகடுகள் தள்ளிக்கொள்ளும் விசைக்கு ஓர் எட்டும் தூரம் உண்டு. கிட்டத்தட்ட உப்பே இல்லாத தண்ணீரில் அது 10 நானோமீட்டர் அல்லது அதற்கும் மேல். கடல் நீரில் அரை நானோமீட்டர்கூட இல்லை. எட்டும் தூரம் சுருங்கினால் தகடுகள் நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். உப்பு லேசாக இருந்தால், ஒரு தகட்டின் விளிம்பு இன்னொன்றின் முகத்தில் சாய்ந்து, சீட்டுக்கட்டு வீடு போல ஒரு கூடு உருவாகும், ஸ்லரி திடீரென்று கெட்டிப்படும். உப்பு ஏற ஏற முகத்தோடு முகம் ஒட்டிக் கட்டையாகி அடியில் உட்கார்ந்துவிடும். மேலே தெளிந்த தண்ணீர். என் டேங்கில் நடந்தது இதுதான்.

இனி வேலை வரிசைப்படி போகலாம்.

முதல் படி: தண்ணீர்

டேங்கில் தண்ணீர் பிடிக்கும் முன்னால் மூன்று பார்த்துவிடுங்கள்: உப்பு, கடினத்தன்மை, பி.எச். கரைந்த உப்பை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று பையில் இருந்தால் நல்லது. அண்ணன் செய்த நாக்குச் சோதனையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், சைட் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

கடினத்தன்மைக்கு மருந்து உண்டு. சோடா ஆஷ் கரைத்தால் கால்சியம் சுண்ணாம்புக்கல் தூளாகப் படிந்து வெளியேறிவிடும். கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம், அது முழுக்கக் கால்சியம் என்று வைத்துக்கொண்டால், 1000 லிட்டருக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல் சோடா ஆஷ் போதும். இதை மாவுக்கு முன்னால் போட வேண்டும். மாவோடு சேர்த்துப் போட்டால் கால்சியம் அதற்குள் தகடுகளைப் பிடித்திருக்கும். சமையல் சோடாவைப் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன், அது வேறு பொருள்.

சாப்பாட்டு உப்புக்கு அந்த மருந்து வேலைக்காகாது. தண்ணீர் கரித்தால் லாரி தண்ணீர் வாங்குங்கள். செலவு அதிகமாகத் தெரியும், ஆனால் மூட்டைக் கணக்கில் அது திரும்பி வந்துவிடும். வேறு வழியே இல்லை என்றால், மாவை முதலில் நல்ல தண்ணீரில் கெட்டியாகக் கலக்கி ஒரு நாள் ஊற வைத்து, அப்புறம் உப்புத் தண்ணீரோடு சேருங்கள். ஒரு முறை பிரிந்துவிட்ட தகடுகள் உப்பைக் கொஞ்சமாவது தாங்கும். ஊறும்போதே உப்பு இருந்தால் பிரியவே பிரியாது.

இரண்டாம் படி: மூட்டையைச் சோதிப்பது

சப்ளையர் தரும் சான்றிதழை ஃபைலில் வைத்துவிட்டு நீங்களே ஒரு முறை செய்து பாருங்கள். 100 மி.லி. அளவு ஜாடியில் 90 மி.லி. காய்ச்சி வடித்த தண்ணீர். காய்ந்த மாவு 2 கிராம் எடுத்துச் சிட்டிகை சிட்டிகையாக, ஒரு சிட்டிகை அடியில் போய்ச் சேர்ந்த பிறகு அடுத்ததைத் தூவுங்கள். ஒரு சிட்டிகைக்கு 10 நிமிடம் கொடுக்கலாம். சலிப்பான வேலை, அவசரப்பட்டால் விடை பொய். கடைசியில் 100 மி.லி. வரை தண்ணீர் விட்டு, அசைக்காமல் மறுநாள் பாருங்கள். நல்ல சோடியம் சரக்கு 24 மி.லி. குறி வரைக்கும், அதற்கு மேலும் உப்பி நிற்கும். 10 மி.லி. பக்கமே நின்றுவிட்டால் கால்சியம் சரக்கு, திருப்பி அனுப்புங்கள்.

பக்கத்தில் இன்னொரு ஜாடியில் இதே சோதனையைச் சைட் தண்ணீரில் செய்து வையுங்கள். இரண்டு ஜாடிக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் தண்ணீர் செய்யும் வேலை. மேனேஜரிடம் லாரி தண்ணீருக்கு அனுமதி கேட்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மூன்றாம் படி: கலக்குவது

1000 லிட்டருக்கு 50 கிலோவில் தொடங்குங்கள். அடர்த்தி 1.03 வரும். மாவின் ஒப்படர்த்தி 2.6 என்று வைத்தால், 1050 கிலோவை 1019 லிட்டரால் வகுத்துப் பாருங்கள். 80 கிலோ போட்டால் 1.05ஐ ஒட்டி வரும்.

கேழ்வரகுக் கூழ் காய்ச்சியவர்களுக்கு இந்தப் படி எளிது. கொதிக்கும் தண்ணீரில் மாவை மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும், வெளிப்புறம் வெந்து உள்ளே மாவு அப்படியே இருக்கும். இங்கே வேக வேண்டியதில்லை, மற்றபடி கதை அதேதான். கட்டியின் வெளிப்பக்கம் ஊறி உப்பி உள்ளே தண்ணீர் போகாமல் அடைத்துவிடும். மிக்ஸர் வேகமாகச் சுழலும்போது சுழியில் மாவைத் தூவிக்கொண்டே போங்கள். ஜெட் வைத்த கூம்பு இருந்தால் அதன் வழியாக விடுங்கள். மூட்டையை அப்படியே கவிழ்க்கும் ஆளை அன்பாகத் தடுத்துவிடுங்கள். மாஸ்க் கட்டாயம். அந்தத் தூசியில் சிலிக்கா உண்டு.

கலக்கி முடித்த ஸ்லரியை உடனே குழிக்கு விடக்கூடாது. தகடுகள் பிரிய நேரம் வேண்டும். 12 மணி நேரமாவது, முடிந்தால் ஒரு நாள் சேமிப்பு டேங்கில் ஊறட்டும், அவ்வப்போது பம்பால் சுற்றவிடுங்கள். கலக்கியவுடன் 31 நொடி காட்டியது மறுநாள் 37, 38 காட்டுவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. முதல் நாளே "நொடி போதாது" என்று இன்னொரு மூட்டை போட்டவர், மறுநாள் பம்ப் திணறுவதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

நான்காம் படி: ஒரு கண்ணாடி டம்ளர்

கருவிகளைத் தொடும் முன் இதைச் செய்யுங்கள். ஊறிய ஸ்லரியை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி நன்றாகக் கலக்கி, உடனே சாய்த்துப் பாருங்கள். மோர் போல ஓடும். அப்படியே மேசையில் வைத்துப் பத்து நிமிடம் கழித்து மெதுவாகச் சாயுங்கள். ஸ்லரி நன்றாக இருந்தால் மேற்பரப்பு டம்ளரோடு சேர்ந்தே சாயும், கிடைமட்டமாகத் திரும்பத் தயங்கும். ஒரு மணல் பருக்கையை வையுங்கள், மேலேயே நிற்கும். ஸ்பூனால் ஒரு சுற்று சுற்றுங்கள், மறுபடி மோர். இன்னும் பத்து நிமிடம் விட்டால் மறுபடி கெட்டி.

கெட்டித் தயிரையும் கலக்கினால் இளகும். ஆனால் அது திரும்ப உறையாது. களிமண் ஸ்லரி எத்தனை முறை கலைத்தாலும் திரும்பக் கூடு கட்டிக்கொள்ளும். தகடுகள் தண்ணீரில் ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருப்பதால், ஓட்டம் நின்றதும் ஒன்றையொன்று பார்த்து மறுபடி இடம் பிடித்துக்கொள்கின்றன. அசைவில் இளகி, ஓய்வில் இறுகும் இந்தக் குணம்தான் பைலிங்குக்கு வேண்டும். பம்ப் ஓடும்போது குழாயில் சுலபமாகப் போக வேண்டும், பம்ப் நின்றதும் வெட்டிய மண்ணை அடியில் விழ விடாமல் ஏந்திக்கொள்ள வேண்டும்.

ஏந்திக்கொள்ள எவ்வளவு பலம் வேண்டும்? 2 மில்லிமீட்டர் மணல் பருக்கைக்குச் சுமார் 1.5 பாஸ்கல். மிக மிகச் சின்ன அழுத்தம். இந்த அளவுக்குக் கீழே தள்ளினால் ஸ்லரி திடப்பொருள் மாதிரி நிற்கும், மேலே தள்ளினால் ஓடும். இப்படி ஒரு வாசலைத் தாண்டி ஓடும் பொருள்களுக்குக் கணக்கு எழுதியவர் யூஜின் பிங்காம். நீங்கள் பிங்காம் என்ற பெயரைக் கேள்விப்படும் இடமெல்லாம் இந்த டம்ளரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: அளவுகள்

மார்ஷ் கோனில் முதலில் வெறும் தண்ணீரை ஓட்டிப் பாருங்கள். 946 மி.லி. இறங்க 26 நொடி ஆக வேண்டும். 28, 29 என்று வந்தால் துளையில் காய்ந்த மண் இருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் எழுதிய ரிஜிஸ்டரை நான் நம்புவதில்லை. சில சைட்டில் 1 லிட்டர் மக்கில் பிடிப்பார்கள், அப்போது தண்ணீருக்கே 28 நொடி. எந்த மக் என்பதையும் எழுதுங்கள்.

விரலால் துளையை அடைத்து, சல்லடை வழியாக 1500 மி.லி. ஊற்றி, உடனே விரலை எடுங்கள். ஊற்றிவிட்டு போன் பேசப் போய்விட்டு வந்தால் உள்ளே கூடு கட்டத் தொடங்கியிருக்கும், நொடி ஏறும். புது ஸ்லரிக்கு, பைலிங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2911 கேட்பது 30 முதல் 60 நொடி, அடர்த்தி 1.03 முதல் 1.10, பி.எச். 9 முதல் 11.5.

கோன் தருவது ஒற்றை எண். பிசுக்கும் இறுக்கமும் அதில் கலந்தே வரும், பிரிக்க முடியாது. பெரிய வேலைகளில் சுழல் விஸ்காமீட்டர் இருக்கும். அதில் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஒரு அளவு, 300 சுற்றில் ஒரு அளவு. 22, 16 என்று வந்தால், கழித்தால் கிடைக்கும் 6 பிசுக்கு. 16இலிருந்து அந்த 6ஐக் கழித்தால் கிடைக்கும் 10 வாசல் பலம். அதைப் பாதியாக்கினால் ஏறக்குறைய பாஸ்கல். பிசுக்கு ஏறினால் மணல் சேர்ந்திருக்கிறது, மணலைப் பிரிக்கும் டீசாண்டருக்கு அனுப்புங்கள். பிசுக்கு அப்படியே இருந்து வாசல் பலம் மட்டும் ஏறினால் உப்போ சிமெண்டோ கலந்திருக்கிறது, தண்ணீரைப் பாருங்கள். அடர்த்திக்கு மட் பேலன்ஸ் என்ற தராசு, அதிலும் முதலில் தண்ணீர் வைத்து 1.00 காட்டுகிறதா என்று பார்ப்பது போதும்.

ஆறாம் படி: குழிக்குள்

ஸ்லரி சுவரைத் தாங்குவது அதன் எடையால் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. குழிச் சுவரின் மணலுக்குள் ஸ்லரி கொஞ்சம் நுழைந்து, தண்ணீர் மட்டும் வெளியேறி, தகடுகள் சுவரில் மெல்லிய தோலாகப் படிகின்றன. அந்தத் தோல் இல்லாவிட்டால் எவ்வளவு எடை இருந்தாலும் ஸ்லரி மணலுக்குள் ஓடிப்போகும். தோல் படிந்த பிறகுதான் அழுத்தம் சுவரில் உட்காருகிறது.

அந்த அழுத்தத்தையும் பாருங்கள். நிலத்தடி நீர் மட்டத்தைவிட ஸ்லரி 1.5 மீட்டர் உயரத்தில் நிற்கிறது, அடர்த்தி 1.05 என்று வைப்போம். நீர் மட்டத்திலிருந்து 10 மீட்டர் ஆழத்தில் ஸ்லரிக்குக் கிடைக்கும் கூடுதல் அழுத்தம் சதுர மீட்டருக்கு 2 டன். அதில் முக்கால் பங்கு அந்த 1.5 மீட்டர் உயரம் தருவது, மிச்சம்தான் அடர்த்தி. ஆகவே மழை பெய்து நிலத்தடி நீர் ஏறினாலும், குழி துளைக்கும் ஆகரை வெளியே எடுக்கும்போது மட்டம் இறங்கினாலும், உடனே ஸ்லரி விட்டு ஏற்றுங்கள். கெட்டியான ஸ்லரி வைத்திருக்கிறோம் என்ற தைரியத்தில் மட்டத்தைக் கோட்டை விட்ட குழிகள்தான் இடிகின்றன.

இந்த ஏற்பாட்டை நம்பி ஊர்களின் அடியிலேயே தோண்டியிருக்கிறார்கள். 1964இல் திறந்த மிலான் மெட்ரோவின் முதல் பாதைக்குப் பக்கச் சுவர்கள் ஸ்லரி நிரம்பிய பள்ளங்களில்தான் இறங்கின. சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களுக்கு டயாஃப்ரம் சுவர் என்ற நிலத்தடிக் காங்கிரீட் சுவர் இறக்கியதும் இதே வழியில்தான்.

ஏழாம் படி: காங்கிரீட்டுக்கு முன்னும் பின்னும்

ட்ரெமி, அதாவது காங்கிரீட்டை அடிவரை கொண்டுபோகும் குழாய், இறக்கும் முன் குழியின் அடியிலிருந்து மாதிரி எடுங்கள், மேலிருந்து எடுத்து ஏமாறாதீர்கள். அடர்த்தி ஏறியிருந்தால் புது ஸ்லரி விட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். ரொம்பக் கனத்த ஸ்லரியைக் காங்கிரீட் முழுதாகத் தள்ளாது, கம்பிகளைச் சுற்றி அது மாட்டிக்கொள்ளும்.

காங்கிரீட் ஏறும்போது அதன் தலையில் உட்கார்ந்து வரும் ஸ்லரியைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். சிமெண்ட் கால்சியத்தைக் கொட்டும், பி.எச். 12ஐத் தாண்டும். அந்த ஒரு மீட்டர் ஸ்லரி தயிர்க்கட்டி போலத் திரிந்து வரும். அதை நல்ல டேங்கில் சேர்த்தால் டேங்கே கெடும். லேசாக மட்டும் கெட்டிருந்தால் இப்போது சமையல் சோடாவுக்கு வேலை வருகிறது: அது கால்சியத்தைப் படியவைப்பதோடு பி.எச்.ஐயும் இறக்கும்.

கடைசிப் படி: கழிவு

பழைய ஸ்லரியைக் கால்வாயில் விட்டுவிடாதீர்கள். அடைத்துக்கொள்ளும், அப்புறம் தெருவே உங்களைத் தேடி வரும். மாதக் கணக்கில் விட்டாலும் தானாகத் தெளியாது. தகடுகள் தள்ளிக்கொண்டிருக்கும் வரை கீழே இறங்காது.

இங்கே இதுவரை நாம் விரட்டிய எதிரியையே கூப்பிட வேண்டியதுதான். கழிவுக் குழியில் சுண்ணாம்பையோ படிகாரத்தையோ கரைத்து ஊற்றுங்கள். இரட்டை மின்னூட்டம் உள்ள கால்சியமும் மூன்று மின்னூட்டம் உள்ள அலுமினியமும், தகடுகளை ஒட்டவைப்பதில் சோடியத்தைவிடப் பல பத்து மடங்கு கெட்டிக்காரர்கள். ஆற்றுத் தண்ணீர் கலங்கி வந்தால் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரைத்து வைப்பார்களே, அதுவும் மிதக்கும் களிமண்ணை ஒன்றோடொன்று சேர்த்து அடியில் உட்கார வைக்கும் வேலைதான். முதலில் ஒரு வாளியில் செய்து பார்த்து அளவைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். மாலையில் போட்டுவிட்டுப் போனால், காலையில் மேலே முழங்கை ஆழத்துக்குத் தெளிந்த தண்ணீர் நிற்கும். பி.எச். பார்த்துவிட்டு அதை இறைத்துவிடலாம், அடியில் இருக்கும் சேற்றை லாரியில் ஏற்றலாம்.